கரிமேட்டு வீட்டுக்காரி

ரொட்டி வண்டியின் மணியை அடிப்பதற்கு முன்னால் லிடியா முதல் ரொட்டியைத் தலைகீழாகப் புரட்டி, அதன் அடிவயிற்றில் விரல் முட்டியால் தட்டுவாள். பிறகு காதை அருகில் கொண்டுபோய்க் கேட்பாள். "உள்ள ஆளு இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். நன்றாக வெந்த ரொட்டி வெறும் பானைபோல ஒலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை ஒரு வீட்டுக் கதவைப்போலத் தட்டுகிறவள் ஹாசல்பாக் என்ற அந்த ஜெர்மன் கிராமத்தில் அவள் ஒருத்திதான். தட்டி முடித்ததும் அந்த ரொட்டியின் முனையைக் கத்தியால் சீவி, ஏப்ரனின் இடப்பக்கப் பையில் போட்டுக்கொள்வாள். அந்தத் துண்டை விற்கமாட்டாள். அதற்கப்புறம்தான் மணி.

மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று உல்லா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவை அடக்கம் செய்து மூன்றாவது வாரம். வீட்டை ஒழித்துப்போட வந்திருந்தாள். அந்த முனைத்துண்டு யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். தின்றவர் போய்விட்டார், சீவுகிற கை மட்டும் நிற்கவில்லை. பார்த்தால் அழுகை வரவேண்டிய காட்சி. உல்லாவுக்கு வந்தது எரிச்சல்.

லிடியாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. குட்டையான உருவம், மூட்டை சுமந்து அகன்ற தோள். தலைமுடிக்கு அவள் பூசும் சாயம் கறுப்பைத் தாண்டி நீலத்தில் போய் நிற்கும். வகிட்டில் வெள்ளை வேர்கள் சாக்பீஸ் கோடுபோலத் தெரியும். அதை மறைக்க இறந்துபோன கணவன் வால்டமாரின் தோல் தொப்பி. கோடையிலும் விரல் இல்லாத கையுறை. பக்கத்து ஊர் பேக்கரியின் ரொட்டி வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள். வண்டிக்குப் பெயர் 'கிழவி'. மேட்டில் கிழவி முக்கி முனகினால் லிடியா ஸ்டியரிங்கில் தட்டிச் சொல்வாள்: "நட கிழவி, சாவு வீட்டுக்கா போற? சோறுல்ல கொண்டுபோற."

ஊரில் கடை என்று ஒன்று இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. காலையில் மணிச்சத்தம் கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். வராதவர்கள் வீட்டுக்கு லிடியாவே போய்க் கதவைத் தட்டுவாள். ரொட்டி கொடுப்பதற்கு என்று சொல்ல முடியாது. நேற்று வந்த கார் யாருடையது என்று கேட்பதற்கு. ஒரு வாசலில் வாங்கிய சேதியை அடுத்த வாசலில் இறக்கிவைத்துவிட்டுத்தான் அவளால் மூச்சுவிட முடியும். இதை உல்லா முதல் நாளே கவனித்து ஒரு குறையாக மனதில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது குறை, கசகசா பன். லிடியாவுக்குப் பிடிக்காதவர்கள் வந்தால் அது தீர்ந்துவிடும். அவர்கள் தெருமுனை திரும்பியதும் பெட்டியின் அடியிலிருந்து மறுபிறவி எடுக்கும். நிழற்கரை வீட்டு வால்புர்காவுக்கு அது கிடைத்து இரண்டு ஈஸ்டர் ஆகிறது. வால்புர்கா செய்த குற்றம், லிடியா காதுபட அவளை 'ரஷ்யாக்காரி' என்றது. லிடியா கஜகஸ்தானில் பிறந்தவள். அங்கே குடியேற்றப்பட்ட ஜெர்மன் குடும்பத்துப் பெண். அதை அவள் சொல்லும் விதம் தனி: "அங்க இருந்தப்ப ஜெர்மன்காரின்னு மூஞ்சியில துப்புனாங்க. இங்க வந்தா ரஷ்யாக்காரியாம். நடுவுல ஏதாவது ஸ்டேஷன்ல எறங்கியிருக்கணும் போலருக்கு."

விற்கிற ரொட்டியை அவள் சூடாகத் தின்னமாட்டாள். ஒருநாள் பழசானால்தான் வாயில் வைப்பாள். "புது ரொட்டி எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசும். மறுநாள்தான் அதோட குணம் தெரியும்" என்பாள். ஆனால் இந்த மூன்று வாரமாக, சுற்று முடிந்து மத்தியானம் வந்ததும் வண்டிப் படியில் உட்கார்ந்து, ஏப்ரன் பையிலிருந்து அந்த முனைத்துண்டை எடுத்து மெல்லுகிறாள். அன்றைய ரொட்டி. அவளுக்குக் கடைவாய்ப் பற்கள் சரியில்லை. ஆகவே நெடுநேரம் ஆகும். முகத்தில் ருசி தெரிவதில்லை. கொடுத்த வேலையைச் செய்து முடிக்கிறவள்போல் இருக்கும். உல்லா அதையும் ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

உல்லாவின் தொழிலே பார்ப்பதுதான். நூரம்பர்க்கில் லிஃப்ட்டுகளைச் சோதிக்கும் பொறியாளர். கயிற்றில் எந்த இழை தேய்ந்திருக்கிறது, பிரேக் எங்கே வழுக்கும், கயிறே அறுந்தாலும் பெட்டியைப் பிடித்து நிறுத்த வேண்டிய கவ்வி துருப்பிடித்திருக்கிறதா என்று தேடுகிற கண். அந்தக் கண்ணால் அவள் லிடியாவைச் சோதித்துக்கொண்டிருந்தாள். வம்பு பேசுகிறாள். பன்னை ஒளிக்கிறாள். கதவை அடித்துச் சாத்துகிறாள். சூப்பில் உப்பு அதிகம். தேய்மானம் நிறைய இருந்தது. எதுவும் போதவில்லை. ஏனென்றால் இந்தப் பொம்பளையிடம் அவள் தேடியது குறையை அல்ல. அப்பா எட்டு வருஷம் இவளோடு ஏன் சிரித்தார் என்பதற்கு ஒரு காரணம் தேடினாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வால்டமார் இறந்தபோது, அப்பா கீழ்வீட்டை லிடியாவுக்கு வாடகைக்குக் கொடுத்தார். அப்பாவின் பெயர் ஓட்மார் ஷ்வார்ட்ஸ். லிடியாவும் ஷ்வார்ட்ஸ். உறவு ஒன்றும் இல்லை. ஹாசல்பாக்கில் பாதிப்பேர் ஷ்வார்ட்ஸ்தான்.

கறுப்பு என்பது அந்தப் பெயரின் பொருள். ஆனால் ஆளாளுக்கு ஒரு கறுப்பு. காக்கைவீட்டு ஷ்வார்ட்ஸுகள் தங்கள் முடியைக் காட்டுவார்கள். எழுபது வயதிலும் நரைக்காது. நிழற்கரை ஷ்வார்ட்ஸுகள் பள்ளத்தாக்கில் வடக்குப் பார்த்த சரிவில் குடியிருந்தவர்கள். குளிர்காலம் முழுக்க அங்கே வெயில் எட்டிப்பார்க்காது. உல்லாவின் வீடு கரிமேடு. பாட்டன் பூட்டன்கள் காட்டில் கரிமூட்டம் போட்டவர்கள். சந்தைக்கு அவர்கள் வரும்போது பல்லும் கண்ணும்தான் தெரியுமாம். அப்பாவுக்கு இதில் ஒரு கர்வம் உண்டு. "நம்ம கறுப்புதான் வேலை செஞ்சு வந்தது. மத்ததெல்லாம் சும்மா தலையில மொளைச்சது, இல்ல வெயில் படாதது" என்பார்.

ஆகவே இந்த ஊரில் ஷ்வார்ட்ஸ் என்ற பெயரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தபாலுக்கு ஆகும், ஓட்டுப் போட ஆகும். ஆளை அழைக்க வீட்டுப்பெயர்தான். அந்தப் பெயர் ரத்தத்தோடு போவதில்லை, சுவரோடு இருக்கிறது. வெளியூர் போன மகளோடு அது போகாது. வந்து குடியேறியவனுக்கு அது ஒட்டிக்கொள்ளும். யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை. ஒருநாள் காலையில் நீரூற்றடியில் யாரோ அப்படிக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான், முடிந்தது.

வண்டி ஓட்ட வந்த முதல் வாரத்தில் லிடியாவுக்கு இது தெரியாது. மரியாதையாக, "திருமதி ஷ்வார்ட்ஸ், உங்க ரொட்டி" என்று நீட்டியிருக்கிறாள். நாலு பக்கமிருந்தும் கை வந்தது. ரொட்டி ஒன்று. வால்புர்காவின் கை நீளம். "அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. இந்த ஊர்ல பேரைச் சொன்னா ரொட்டி போயிரும்" என்று இன்றும் சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய ஷ்வார்ட்ஸ் எந்தக் கறுப்பு என்று கேட்டால் தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டுவாள். "எங்க வால்டமாரோட பாட்டன்மாருக்கெல்லாம் வைக்கோல் முடி. ரஷ்யாவுல வோல்கா கரையில குடியேத்துனப்ப பேரு எழுதுனவன் எதைப் பாத்து எழுதுனானோ. பேருக்கு ஒருத்தராவது கறுப்பா இருக்கணும்ல? அதான் நான் பூசிக்கிறேன்."

இன்னொரு ஷ்வார்ட்ஸும் உண்டு. கரிமேட்டு வீட்டுக்கு எதிரே நீரூற்றடியில், பழைய துணிக்கடை வாசலில், தரையில் பதித்த, பெயர் பொறித்த நாலு பித்தளை நினைவுக் கற்கள். அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். அந்த யூதக் குடும்பத்தை 1942 வசந்தத்தில் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பின்னால் அந்த வீட்டுக்கு வந்தவர்களைத் துணிக்கடை வீட்டார் என்று ஊர் இன்றும் கண்சிமிட்டாமல் கூப்பிடுகிறது. லிடியா வண்டியைக் கற்களுக்கு அந்தப் பக்கம் தள்ளித்தான் நிறுத்துவாள், வரிசை அவற்றின்மேல் நிற்காதபடிக்கு. அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று வால்புர்கா முணுமுணுத்தபோது, "அவங்களும் ஷ்வார்ட்ஸ்தான். ரொட்டி வாங்க வரலேங்கிறதுக்காக மிதிச்சிரலாமா?" என்றாளாம். நவம்பர் தோறும் கற்களைத் துலக்குவது அப்பாவின் வழக்கம். கால் தளர்ந்த பிறகு லிடியா துலக்கினாள். அவள் வாளியில் கிடந்த பச்சைப் பல்துலக்கியை உல்லா அடையாளம் கண்டுகொண்டாள். அப்பாவுடையது. நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கிறது. இருந்தாலும் உல்லாவின் வயிறு எரிந்தது.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் எரிந்தது. சனிக்கிழமைகளில் அப்பா கிழவியில் லிடியாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்வாராம், மடியில் மணியை வைத்துக்கொண்டு. அந்த இருக்கையில் அவருடைய மெத்தைத் தலையணை இன்னும் குழிந்தபடி கிடக்கிறது. மேட்டில் வண்டி ஏறும்போது பாடுவாராம். அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது வால்புர்கா இதைச் சொன்னாள். "உங்கப்பன் பாட்டைக் கேட்டிருப்பியே, வீட்லயும் பாடியிருப்பானே." உல்லா கேட்டதில்லை. அப்பா மர அறுவை ஆலையில் மெக்கானிக். அவள் நினைவில் அவர் உதட்டில் எப்போதும் இரண்டு திருகாணிகள் கவ்வியிருக்கும். அப்படி இருக்கும்போது பாட முடியாது.

அப்புறம் அந்த 'நீ'. லிடியா அப்பாவை 'நீ' என்றுதான் சொல்வாள். "ஓட்மார், நீ சாக்ஸ மாத்து. ஓட்மார், நீ சும்மா இரு." உல்லாவிடம் 'நீங்க'. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் கதவோரம் ஒதுங்கி நின்று, "நீங்க போங்க" என்பாள். உல்லா பிறந்த வீட்டு மாடிப்படியில் உல்லாவுக்கே வழிவிடுகிறாள்.

ஆனால் கல்லறையில் நடந்ததுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஊர் வழக்கப்படி, மண் போட்டு முடித்ததும் செத்தவரின் வீட்டார் குழியின் தலைமாட்டில் நிற்பார்கள். ஊரார் வரிசையாக வந்து கைகுலுக்கி அனுதாபம் சொல்லவேண்டும். உல்லா முன்னால் நின்றாள், லிடியா ஒரு அடி பின்னால். முதலில் வந்தவர் காக்கைவீட்டுக் கிலியான். கண் பார்வை கிட்டத்தட்ட போய்விட்ட கிழவர். கைத்தடியால் தரையைத் துழாவியபடி வந்து, உல்லாவைக் கடந்து, தினமும் ரொட்டி தருகிற கையைத் தேடிப் பிடித்தார். "கரிமேட்டு வீட்டுக்கு என் அனுதாபம்" என்றார். முதல் ஆடு போன வழியில் மந்தையும் போயிற்று. ஊரே முதலில் லிடியாவின் கையைக் குலுக்கியது. அதற்கப்புறம், ஒரு மரியாதைக்காக, உல்லாவின் கை. லிடியா விலகிக்கொள்ளப் பார்த்தாளா இல்லையா என்பது உல்லாவுக்கு இன்னும் தெளிவாகவில்லை. தன் ஈரமான ஷூவைப் பார்த்துக்கொண்டே நின்றதால் லிடியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டை விற்கத்தான் வேண்டும். நூரம்பர்க்கிலிருந்து இதைப் பார்த்துக்கொள்ள முடியாது. லிடியா அதைத் தன் பாணியில் கேட்டுவிட்டாள். மாடிப்படியில் பிளம்ஸ் கேக் ஒன்றை வைத்துவிட்டுக் கீழிருந்தே குரல் கொடுத்தாள்: "விக்கிறதா இருந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க. நான் பேரமும் பேசமாட்டேன், அழவும் மாட்டேன். வாங்கிக்கிறேன்." உல்லா மாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிராங்க்பர்ட்டிலிருந்து ஒரு தம்பதி கேட்டிருந்தார்கள். வார இறுதியில் வந்து ஒயின் குடித்துவிட்டுப் போகிற ஜனம். அவர்களை எவரும் கரிமேட்டார் என்று கூப்பிடப்போவதில்லை. அவர்கள் கைக்குப் போனால் பெயர் அதோடு செத்துவிடும். அது உல்லாவுக்குத் தெரியும். யோசித்துத்தான் அவர்களைச் சனிக்கிழமை மத்தியானம் வரச் சொல்லியிருந்தாள். பெயர் சாகட்டும். இவளுக்குப் போகவேண்டாம்.

சனிக்கிழமை காலையில் வீட்டில் தின்ன ஒன்றும் இல்லை. அந்தக் கேக்கைத் தொட அவளுக்கு மனமில்லை. இறங்கி வாசலுக்கு வந்தாள். லிடியா அப்போதுதான் வண்டியின் பக்கக் கதவை மேலே தூக்கிவிட்டு, முதல் ரொட்டியைப் புரட்டித் தட்டிக்கொண்டிருந்தாள். உல்லாவைப் பார்த்ததும் கத்தியை எடுத்தாள். எடுத்ததைத் திரும்ப வைத்தாள். முனையைச் சீவாமல் நேராக மணியை அடித்தாள்.

வால்புர்கா வந்தாள். துணிக்கடை வீட்டுப் பெண் வந்தாள். கிலியான் தடியைத் தட்டிக்கொண்டு வந்து உல்லாவுக்குப் பின்னால் நின்றார். காது கூர்மை.

"இது ஊர்ச் செருப்பு இல்லையே" என்றார். "யாரு வீட்டுப் புள்ள நீ?"

"உல்லா ஷ்வார்ட்ஸ்."

வரிசை சிரித்தது. "ஷ்வார்ட்ஸா? இங்க எங்க வீட்டுப் பூனையும் ஷ்வார்ட்ஸ்தான். வீட்டைச் சொல்லும்மா."

"கரிமேடு." ஐம்பது வயதைத் தாண்டிய வாயிலிருந்து அது ஏழு வயதுக் குரலில் வந்தது.

கிலியான் யோசித்தார். "கரிமேடு லிடியா வீடுல்ல?" வண்டிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஏன் லிடியா, உனக்கு இத்தாம் பெரிய மக இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியே."

வால்புர்கா பன் பெட்டியைக் கவனமாகப் பார்த்தாள். ஒரு கவ்வி பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு: பாரத்தை ஏற்றிவிட்டுப் பார்ப்பது. உல்லா பார்த்தாள். ஒரு சிரிப்பில் இதைக் கடந்து போய்விட லிடியாவால் முடியும். சிரிப்பு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிரித்தால் போதும், அந்தப் பெயர் அவளோடு இருந்துவிடும்.

"எனக்கு மக இல்ல, காக்கவீட்டாரே" என்றாள் லிடியா. "இது ஓட்மார் மக. கரிமேட்டு உல்லா. நான் அவங்க வீட்ல வாடகைக்கு இருக்கிறவ."

"அடடே, அந்த லிஃப்ட்டுக்காரப் புள்ளையா. உங்கப்பன் சொல்வானே."

"சொல்வானேவா?" லிடியாவின் குரல் மாறியது. கத்தியைப் பலகையில் வைத்தாள். "வாயெடுத்தா வேற என்ன சொன்னான் அவன்? ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மகளோட போன் வரும். மூணு மணிக்கே நல்ல சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்துருவான். போன்ல சட்டையா தெரியும்? நான் கேக்க வெட்டி வெச்சிருப்பேன், தொடமாட்டான். நடுவுல ஒரு வார்த்தை பேசுனா கையை இப்படிக் காட்டுவான்." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். போலீஸ்காரன் வண்டியை நிறுத்துகிற மாதிரி. "எட்டு வருஷம் அந்தக் கையப் பாத்தேன். இவங்க பேசறது அஞ்சு நிமிஷம். அதை அடுத்த ஞாயிறு வரைக்கும் எனக்குச் சொல்வான். கயிறு எப்படித் தேயும், பிரேக்கு எப்படிப் பிடிக்கும். எனக்கெதுக்கய்யா லிஃப்ட்டு? இந்த ஊர்ல மாடியே நாலு வீட்லதான் இருக்கு."

வரிசை மறுபடி சிரித்தது. லிடியா சிரிக்கவில்லை. கழுத்து சிவந்திருந்தது. அந்தக் குரலை உல்லா உடனே அடையாளம் கண்டாள். மூன்று வாரமாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே எரிச்சல், வேறொரு வாயில்.

போன் பேசும்போது அப்பா எந்தச் சட்டை போட்டிருந்தார் என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், வேலை எப்படி, பரவாயில்லை, கயிறு மாத்தினியா, மாத்திட்டோம். அவ்வளவுதான் பேச்சு.

"உங்களோட பாடுவாராமே" என்றாள் உல்லா.

"பாடுனான். மேட்டுல கிழவி பின்னால நழுவிருமோன்னு பயம். பயத்துல பாடுவான்."

"என்ன பாட்டு?"

"யாருக்குத் தெரியும்? வார்த்தையே இருக்காது. ம்ம் ம்ம்னு உதட்டை மூடிக்கிட்டு."

உதட்டை மூடிக்கொண்டு. உல்லா வண்டிக்குள் பார்த்தாள். முன்னிருக்கையில் தலையணை குழிந்து கிடந்தது. பள்ளிக்கூட நாட்களில் ஆலைக்குச் சாப்பாடு கொண்டுபோனால், எந்திரத்துக்கு அடியில் படுத்திருக்கும் அப்பாவிடமிருந்து ஒரு முனகல் வரும். வாயில் திருகாணி இருந்ததால் அப்படி என்று அவள் எண்ணியிருந்தாள்.

கிலியான் தடியை ஊன்றி மாற்றினார். "ரொட்டி கிடைக்குமா, இல்ல கோயில் பிரசங்கமா இன்னிக்கு?"

"மத்தியானம் வீடு பாக்க ரெண்டு பேர் வர்றதா இருந்தாங்க" என்றாள் உல்லா. லிடியாவைப் பார்த்துச் சொல்லவில்லை. பலகையில் கிடந்த கத்தியைப் பார்த்துச் சொன்னாள். "வரவேண்டாம்னு சொல்லிடறேன். வீட்டை நீங்களே எடுத்துக்கங்க."

வால்புர்கா மூச்சை உள்ளே இழுத்தாள். மத்தியானத்துக்குள் ஊரின் கடைசி வீட்டுக்கும் போய்ச் சேரவேண்டிய சேதி. அதைக் கொண்டுபோகப் போகிறவள் இந்த ஒரு தடவை லிடியா இல்லை. கிலியான் தலையாட்டினார். "அப்ப கரிமேட்டுல வெளக்கு எரியும்" என்றார். யாருடைய விளக்கு என்று சொல்லவில்லை.

லிடியா கையைத் துணியில் துடைத்தாள். ஒரு கசகசா பன்னை எடுத்து, வால்புர்கா கேட்காமலேயே அவள் பைக்குள் போட்டாள். பிறகு உல்லாவிடம் திரும்பினாள்.

"உனக்கு என்ன வேணும்?"

"கறுப்பு ரொட்டி ஒண்ணு."

லிடியா முதலில் தட்டிவைத்த அதே ரொட்டியை எடுத்தாள். புரட்டினாள். மறுபடி முட்டியால் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். உள்ளே ஆளு இருப்பதாக இந்தத் தடவை சொல்லவில்லை. கத்தியை எடுத்து முனையைச் சீவினாள். பொருக்கு நொறுங்கும் சத்தம் வரிசை முழுக்கக் கேட்டது. துண்டு அவள் இடக்கையில் இருந்தது. பலகைக்கு மேலே அந்தக் கை நின்றது. தன் கை தானாக விரிந்திருப்பதை உல்லா அப்போதுதான் கவனித்தாள்.

லிடியா அந்தக் கையைப் பார்த்தாள். துண்டை ஏப்ரனின் இடப்பக்கப் பையில் போட்டு, மேலே உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திக்கொண்டாள். மீதி ரொட்டியைத் தாளில் சுற்றி நீட்டினாள்.